கிடங்கில் எந்த மூட்டைக்கு எந்த இடம்? கணிப்பொறிக்கு விதி வகுக்கும் முறை

விளைந்த தானியத்தைக் களத்திலிருந்து கிடங்கிற்குக் கொண்டு சேர்ப்பதோடு உழவரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கிடங்கிற்குள் அது எந்த இடத்தில், எதற்குப் பக்கத்தில் அடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் தரமும் விலையும் நிலைக்கின்றன. ஈரம் மிகுந்த பத்து மூட்டை நெல்லை நன்கு காய்ந்த நூறு மூட்டைகளின் நடுவில் அடுக்கிவிட்டால், சில வாரங்களில் அந்த அட்டியே சூடேறிப் பூசணம் பிடிக்கும். பழைய உளுந்துக்குப் பக்கத்தில் புது உளுந்தை வைத்தால், பழையதிலிருந்த பயறு வண்டு புதியதிலும் முட்டையிடும். இவ்வாறு நேரும் இழப்பு ஒருவருடையதாக இருக்காது. அந்தக் கிடங்கில் சரக்கு வைத்துள்ள அனைவரையும் அது பாதிக்கும்.

எதை எங்கே அடுக்குவது என்று கிடங்குப் பொறுப்பாளர் தம் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்வதே நெடுநாள் வழக்கம். இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இந்த வேலை கணிப்பொறிக்கு மாறி வருகிறது. சரக்கின் பெயரையும் எடையையும் பதிந்தவுடன், அது எந்தக் கட்டத்தில் அடுக்கப்பட வேண்டும் என்று சீட்டு வருகிறது. சுமை தூக்குவோர் அந்தச் சீட்டின்படி மூட்டையை இறக்குகின்றனர்.

இதைக் கணிப்பொறி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவது சரியன்று. மென்பொருளை அமைப்பவருக்குக் கணிப்பொறி தெரியும். நெல்லின் ஈரமும் பயற்றின் வண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவை உங்களுக்குத் தெரியும். ஆகவே விதிகளை வகுக்கும் பொறுப்பு உறுப்பினர்களான உங்களையும் சேர்ந்தது. அதற்கான முறைகளைக் கீழே காணலாம்.

கணிப்பொறி எவ்வாறு முடிவு செய்கிறது?

கணிப்பொறி சரக்கைப் பார்ப்பதில்லை. முகர்ந்தோ கடித்தோ அறிவதுமில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட விதிப் பட்டியலை மட்டுமே பார்க்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் பெரும்பாலும் நான்கு செய்திகள் இருக்கும்.

1. எந்தச் சரக்கு அல்லது எந்த வகைச் சரக்கு
2. அது வைக்கப்பட வேண்டிய கட்டம்
3. அக்கட்டத்தின் கொள்ளளவு
4. முன்னுரிமை எண்

மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற திறந்தமூல மென்பொருளில் இந்த நான்கும் நேரடியாகக் கேட்கப்படுகின்றன. முன்னுரிமை 1 என்று உள்ள கட்டத்தை அது முதலில் நிரப்பும். அது நிறைந்தால் 2-க்குச் செல்லும். இரண்டு கட்டங்களுக்கு ஒரே எண் இருந்தால், எதில் காலியிடம் அதிகமோ அதை முதலில் எடுத்துக்கொள்ளும். எதிலும் இடமில்லாத மீதிச் சரக்கை, இடம் ஒதுக்கப்படவில்லை என்று தனியே காட்டும். சரக்கு வரவைப் பதியும் தாளில் இவ்விதியைப் பயன்படுத்துமாறு குறியிட வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. அதில் குறியிடாவிட்டால் எழுதிய விதிகள் எல்லாம் வீண்.

பெல்ஜியம் நாட்டில் உருவான ஓடூ என்ற மென்பொருளில், ஒரு தனிச் சரக்குக்கு எழுதிய விதி அதன் வகைக்கு எழுதிய விதியை வெல்லும். "தானியம் எல்லாம் முதல் வரிசைக்கு" என்று ஒரு விதியும், "விதை நெல் தனி அறைக்கு" என்று மற்றொரு விதியும் இருந்தால், விதை நெல் தனி அறைக்கே செல்லும். எந்த விதியும் பொருந்தாத சரக்கு, கட்டம் எதுவும் குறிக்கப்படாமல் பொது இருப்பில் நின்றுவிடும். அதாவது கணக்கில் இருக்கும். எந்த இடத்தில் என்று மட்டும் தெரியாது.

எந்த மென்பொருளானாலும் அடிப்படை ஒன்றுதான். எழுதிய விதியை எழுதிய வரிசைப்படி அது கடைப்பிடிக்கும். எழுதாததை அதுவாக நினைத்துப் பார்க்காது.

முதலில் தாளில் எழுதுங்கள்

கணிப்பொறிக்கு முன் உட்காருவதற்கு முன்னரே கிடங்கின் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கதவு, சன்னல், மழை ஒழுகும் மூலை, வெயில் அடிக்கும் சுவர் ஆகியவற்றைக் குறியுங்கள். சுவரிலிருந்து சுமார் இரண்டரை அடி இடைவெளி விட்டு அட்டிகளுக்கான கட்டங்களைப் பிரியுங்கள். அட்டிகளுக்கு இடையிலும் ஆள் நடக்க வழி வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பூச்சித் தாக்குதலைப் பார்க்கவும் முடியாது, மூடிப் புகைமூட்டம் இடவும் முடியாது. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பெயரிட்டு, அதே பெயரைத் தரையிலும் சுவரிலும் வண்ணத்தால் எழுதுங்கள். கணிப்பொறியில் ஒரு பெயரும் தரையில் வேறு பெயரும் இருந்தால் குழப்பமே மிஞ்சும்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறு கிடங்கைக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

க-1 முதல் க-6 வரை: உணவுக்கான நெல். கட்டம் ஒன்றுக்கு 8,000 கிலோ.
ப-1, ப-2, ப-3: உளுந்து, பச்சைப்பயறு.
வி-1, வி-2: விதை. வெப்பம் குறைந்த, ஒழுக்கில்லாத பக்கத்தில் தடுப்பு வைத்துப் பிரித்தது.
த-1: தனி நிறுத்தம். உலர் களத்தை ஒட்டிய தாழ்வாரம்.

உரத்திற்குத் தனி அறை வேண்டும். பூச்சிமருந்தைத் தானியக் கிடங்கில் வைக்கவே கூடாது. அதற்குப் பூட்டிய தனிக் கட்டடம் தேவை. ஆகவே பூச்சிமருந்தின் எந்தப் பெயருக்கும் மேற்கண்ட கட்டங்களில் ஒன்றுகூட விதியில் இடம்பெறலாகாது.

தனி நிறுத்தத்தைக் கிடங்கின் உள்மூலையில் அமைப்பது சிலரின் வழக்கம். அது தவறு. ஈரச் சரக்கும் பூச்சி விழுந்த சரக்கும் மற்ற சரக்கைக் கடந்து உள்ளே போகாமல் வெளியிலேயே நிற்க வேண்டும்.

ஈரத்தைப் பெயரிலேயே காட்டுங்கள்

விதி வகுப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. மேலே கண்ட மென்பொருள்களில் இட ஒதுக்கீடு சரக்கின் பெயரையோ வகையையோ வைத்தே நடைபெறுகிறது. ஈரமானியில் கண்ட அளவை வேறொரு கட்டத்தில் எழுதி வைத்தாலும், அது இடத்தை மாற்றாது. 12 சதவீத ஈரமுள்ள நெல்லும் 18 சதவீத ஈரமுள்ள நெல்லும் "நெல்" என்ற ஒரே பெயரில் பதியப்பட்டால், இரண்டும் ஒரே அட்டிக்கே போகும்.

இதற்கு வழி எளிது. ஒரு சரக்குக்கு ஒரு பெயர் என்று வைக்காமல், அதன் நிலைக்கு ஏற்ப மூன்று பெயர்கள் வையுங்கள்.

நெல் – சேமிப்பு: ஈரம் 14 சதவீதத்திற்கு மிகாதது. க வரிசைக்கு.
நெல் – காய வேண்டியது: ஈரம் 14 சதவீதத்திற்கு மேல். த-1-க்கு.
நெல் – விதை: ஈரம் 13 சதவீதத்திற்கு மிகாதது. வி வரிசைக்கு.

14 சதவீதம் என்பது சில மாதச் சேமிப்புக்கான அளவு. எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை வைக்க வேண்டிய நெல்லை 13 சதவீதத்திற்குக் காய வைப்பது நல்லது. விதைச் சான்று முறையில் சாதாரண சாக்கில் வைக்கும் நெல் விதைக்கு 13 சதவீதமும், உளுந்து விதைக்கு 9 சதவீதமும் உச்ச வரம்பாகும். கொள்முதலில் 17 சதவீத ஈரம் வரை நெல் ஏற்கப்படுவதைக் கண்டு, அதுவே சேமிப்புக்கும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கும் வரம்பு வேறு. வைத்திருக்கும் வரம்பு வேறு.

வாயிலில் ஈரம் பார்த்த பிறகே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடை போடுபவர் அவசரத்தில் பட்டியலின் முதல் பெயரை அழுத்திவிடுவது உண்டு. எனவே பட்டியலில் "காய வேண்டியது" என்ற பெயர் முதலில் வருமாறு அமையுங்கள். தவறி அழுத்தினாலும் நல்ல நெல் ஒரு நாள் வெளியில் நிற்குமே தவிர, ஈர நெல் உள்ளே போகாது.

காய்ந்த பிறகு எடை குறையும். 17 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 830 கிலோ உலர்பொருள் உள்ளது. அது 14 சதவீதத்திற்கு வரும்போது எடை சுமார் 965 கிலோ ஆகும். 35 கிலோ நீராகப் போய்விடுகிறது. "காய வேண்டியது" என்பதிலிருந்து "சேமிப்பு" என்பதற்கு மாற்றிப் பதியும்போது மறுபடி எடை போட்டு, இக்குறைவையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஏட்டில் 1,000 கிலோவும் அட்டியில் 965 கிலோவும் இருக்கும். யாரும் திருடாமலே திருட்டுப் பழி எழும்.

காலியிடம் எல்லாம் இடமாகாது

ஒரு கணக்கைப் பார்ப்போம். க-1 கட்டத்தில் சென்ற பருவத்து நெல் 5,000 கிலோ உள்ளது. கொள்ளளவு 8,000 கிலோ. க-2 காலியாக உள்ளது. புது நெல் 10,000 கிலோ வருகிறது. முன்னுரிமை எண்ணை மட்டும் பார்க்கும் கணிப்பொறி, 3,000 கிலோவை க-1-க்கும் 7,000 கிலோவை க-2-க்கும் அனுப்பும்.

கணக்கு சரி, கிடங்கு முறைப்படி தவறு. பழைய நெல்லின் மேல் புது நெல் ஏறிவிட்டது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற முறை கெட்டது. பழையதில் அந்துப்பூச்சியோ கூன்வண்டோ இருந்தால் புதியதற்கும் பரவும். அந்தப் பழைய நெல் ஒரு உறுப்பினரின் அடமானச் சரக்காக இருந்தால், வங்கியிலிருந்து பார்க்க வருபவருக்கு அதைப் பிரித்துக் காட்டவும் முடியாது.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஓடூவில் சேமிப்பு வகை என்ற அமைப்பில், கட்டம் காலியாக இருந்தால் மட்டுமே புதுச் சரக்கை ஏற்கச் செய்யலாம். அங்கே "ஒரே சரக்காக இருந்தால் ஏற்கலாம்" என்ற வாய்ப்பும் உண்டு. அது தானியத்திற்குப் போதாது. பழைய நெல்லும் புது நெல்லும் அதன் கண்ணில் ஒரே சரக்குதான். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்றவற்றில், பருவம் முடிந்ததும் பழைய சரக்கு உள்ள கட்டத்தின் விதியைச் செயல் நிறுத்தம் செய்துவிட வேண்டும். அட்டி காலியான பின் மீண்டும் திறக்கலாம். முன்னதில் மேற்கண்ட 10,000 கிலோவை ஒரே கட்டத்தில் அடக்க முடியாது என்பதால், 8,000 கிலோ க-2-க்கும் மீதி 2,000 கிலோ க-3-க்கும் என்று முன்கூட்டியே பிரித்துப் பதிவதே நல்லது.

இதனால் க-1-இல் 3,000 கிலோவுக்கான இடம் சில காலம் வெறுமனே கிடக்கும். அந்த இடத்தின் மதிப்பையும், ஒரு அட்டி முழுவதும் வண்டு விழுந்தால் ஏற்படும் இழப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது மேல் என்பது விளங்கும்.

கொள்ளளவைக் கிலோவில் கொடுங்கள்

கொள்ளளவை மூட்டை எண்ணிக்கையில் கொடுப்பது எளிது என்று தோன்றும். ஆனால் எல்லா மூட்டையும் ஒரே அளவில் வருவதில்லை. 40 கிலோ மூட்டையை மனத்தில் வைத்து 200 மூட்டை என்று எழுதினால் 8,000 கிலோ. அதே கட்டத்திற்கு 60 கிலோ மூட்டை வந்தால் 12,000 கிலோ ஆகிவிடும். கணிப்பொறி மறுக்காது, அட்டிதான் சாயும். ஆகவே அளவைக் கிலோவில் கொடுத்து, உங்கள் கிடங்கில் பாதுகாப்பாக அடுக்கக்கூடிய உயரத்திற்கு ஒருமுறை உண்மையாகவே அடுக்கிப் பார்த்து அந்த எடையை எழுதுங்கள்.

விரைவில் வெளியேறும் சரக்குக்குக் கதவருகே உள்ள கட்டங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அடமானத்தின் பேரில் மாதக்கணக்கில் நிற்கும் சரக்கை உள்ளே வைக்கலாம். விதையை மட்டும் தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அதற்கு வெப்பமும் ஈரமும் குறைந்த இடமே முதல் தகுதி. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் வாழ்நாள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதையியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

புகைமூட்டம் இட்ட கட்டத்தை உடனே அடையுங்கள்

இது உயிரைப் பற்றியது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயு கொடிய நஞ்சு. அதனைப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களைக் கொண்டே இட வேண்டும். அட்டியைத் தார்ப்பாயால் மூடிய பின்பும், விதிப் பட்டியலில் அந்தக் கட்டம் திறந்தே இருந்தால் கணிப்பொறி வழக்கம்போல் அதற்குச் சீட்டுக் கொடுக்கும். சீட்டை நம்பி ஒருவர் மூட்டையுடன் உள்ளே போவார். ஆகவே மாத்திரை இடுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தின் விதியைச் செயல் நிறுத்தம் செய்யுங்கள். அங்கிருந்து சரக்கு வெளியே எடுப்பதையும் நிறுத்துங்கள். ஒரே கூரையின் கீழ் உள்ள மற்றக் கட்டங்களுக்கும், காற்றோட்டம் கொடுத்து நுழையலாம் என்று புகைமூட்டம் இட்டவர் எழுத்தில் தரும்வரை ஆள் அனுப்பக் கூடாது. கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்க வேண்டும். கணிப்பொறியில் அடைப்பதும் கதவில் பலகை மாட்டுவதும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. இரண்டும் தேவை.

நடைமுறைக்கு வருமுன் சோதனை

விதிகளை ஏற்றியதும் அறுவடைக் காலத்தில் நேரடியாகப் பயன்படுத்தத் தொடங்காதீர்கள். கீழ்க்கண்ட ஏழு வரவுகளையும் பொய்ப் பதிவாகக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையை முன்னதாகவே தாளில் எழுதி வைத்து, கணிப்பொறி தரும் விடையுடன் ஒப்பிடுங்கள்.

1. 13 சதவீத ஈரமுள்ள நெல். காலியான க கட்டத்திற்குப் போக வேண்டும்.
2. 17 சதவீத ஈரமுள்ள நெல். த-1-க்குப் போக வேண்டும்.
3. விதை நெல் 400 கிலோ. வி வரிசை தவிர வேறெங்கும் போகக் கூடாது.
4. ப-1-இல் பழைய உளுந்து பாதி இருக்கும்போது வரும் புது உளுந்து. ப-1-ஐயும் அதை அடுத்துள்ள ப-2-ஐயும் விட்டு ப-3-க்குப் போக வேண்டும்.
5. புகைமூட்டத்திற்காக அடைத்த கட்டம். எந்தச் சீட்டிலும் வரக் கூடாது.
6. எல்லாக் க கட்டங்களும் நிறைந்தபின் வரும் 2,000 கிலோ நெல். இடமில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விதை அறைக்கு அனுப்பக் கூடாது.
7. பட்டியலில் இல்லாத சரக்கு, குதிரைவாலி போன்றது. த-1-இல் நின்று பொறுப்பாளரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஏழாவது சோதனைக்காக, "மற்றவை" என்ற பொதுவான வகைக்கு ஒரு விதி எழுதி, பெயர் இல்லாத புதுச் சரக்கை முதலில் அந்த வகையில் பதியுங்கள். ஏழில் ஒன்று தவறினாலும் திருத்திய பின் ஏழையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு விதியைத் திருத்தும்போது மற்றொன்று கெடுவது உண்டு.

உறுப்பினர் கேட்க வேண்டியவை

கிடங்கில் சரக்கு வைக்கும் ஒவ்வொருவரும் தம் சீட்டில் சரக்கின் பெயர், ஈர அளவு, எடை, கட்டத்தின் பெயர் ஆகிய நான்கும் உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே சென்று, சீட்டில் உள்ள கட்டத்தில்தான் உங்கள் மூட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். 2007-ஆம் ஆண்டுக் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கிடங்குகளில், 2017 முதல் மின்னணு முறையில் மாற்றத்தக்க கிடங்கு ரசீது வழங்கப்படுகிறது. அதைக் காட்டிக் கடன் பெறலாம். அந்த ரசீதின் மதிப்பு, சொன்ன சரக்கு சொன்ன தரத்தில் இருப்பதைச் சார்ந்தது.

பொறுப்பாளர் சில வேளை கணிப்பொறி சொன்னதை மாற்றி வேறிடத்தில் அடுக்க நேரலாம். மழை ஒழுகும் கட்டத்தைக் கணிப்பொறி அறியாது, அவர் அறிவார். அந்த உரிமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். ஆனால் மாற்றிய இடத்தையும் காரணத்தையும் அன்றே பதிய வேண்டும். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் விதியையே திருத்துங்கள். வாரம் ஒருமுறை இரண்டு உறுப்பினர்கள் கிடங்கைச் சுற்றி வந்து, ஏட்டையும் அட்டியையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடுவது நல்ல பழக்கம்.

கணிப்பொறி களைப்படையாது, மறக்காது, ஆள் பார்த்து இடம் ஒதுக்காது. சரியான விதி கொடுத்தால் அதன் நன்மை எல்லா உறுப்பினர்க்கும் சமமாகக் கிடைக்கும். தவறான விதி கொடுத்தால் அத்தவறையும் அது ஒரு நாள் விடாமல் செய்யும். எனவே அடுத்த அறுவடை வருமுன், உங்கள் கிடங்கின் விதிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உறுப்பினர் கூட்டத்தில் வரி வரியாகப் படித்துப் பார்த்து, தேவையான திருத்தங்களைச் செய்து பயன்பெறுங்கள்.